நிழற்படங்களைத் தேடுவோம், உரிமையை மதிப்போம்

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் பெரியோர் ஒரு பழமொழி சொல்வர். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது நற்செயல்தான். ஆயினும் அந்தத் தேங்காய் கடைக்காரருடையது. அவரைக் கேளாமல் எடுத்தது பிழையே. வழிபாடு நல்லது என்பதனால் எடுத்த முறை நல்லதாகிவிடாது.

இன்று பள்ளி விழா அழைப்பிதழ், கோயில் திருவிழாச் சுவரொட்டி, நூல் அட்டை, ஆண்டு மலர், மாணவர் செயல்திட்டம் ஆகிய எதனைச் செய்தாலும் முதலில் தேவைப்படுவது ஒரு நிழற்படம். கணினியில் ஒரு சொல்லைத் தட்டினால் ஆயிரம் படங்கள் வந்து நிற்கின்றன. அவற்றுள் அழகான ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டு, 'இணையத்தில் கிடைத்தது' என்று சொல்லிவிடுகின்றோம். கடைத் தேங்காயை எடுத்தவரும் 'கடையில் கிடைத்தது' என்றுதான் சொல்லியிருப்பார்.

மாணவச் செல்வங்களே! பணமின்றியும் பழியின்றியும் நல்ல படங்களைப் பெறுவதற்கு நேரிய வழிகள் பல உள்ளன. அவற்றை முறையாக அறிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். பெற்றோர்களுக்கும் தோட்டத்து அன்பர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதனைக் கட்டுரையின் இறுதியில் கூறுவோம்.

படத்திற்கு உரியவர் யார்?

ஒரு நிழற்படத்தை எடுத்தவர் அதற்குப் பொழுதும் பொருளும் உழைப்பும் செலவிட்டிருக்கிறார். ஆகவே அப்படத்தைப் படியெடுக்கவும் வெளியிடவும் அவருக்கே முதல் உரிமை. இதனைப் பதிப்புரிமை என்பர். நம் நாட்டில் இதற்கென 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. நிழற்படமும் ஓவியமும் அச்சட்டத்தில் கலைப் படைப்புகளாகக் கொள்ளப்படுகின்றன. படைத்தவர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளும் உரிமை நிலைத்திருக்கும். படத்தின் மேல் உரிமைக் குறி அச்சிடப்படவில்லை என்பதனால் உரிமை இல்லாமற் போய்விடாது.

அந்தக் கால எல்லை கடந்த படைப்பு பொதுவுடைமை ஆகிறது. அதன்பின் அது கோயில் குளத்து நீரைப் போன்றது. யாரும் முகந்துகொள்ளலாம்.

நம் வட்டாரத்தோடு தொடர்புடைய ஒரு சான்றைக் காண்போம். பத்தாங் பெர்ஜுந்தாய் என்று முன்னர் வழங்கப்பட்டு, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்ற ஊரின் அருகே தெனாமாரம் தோட்டம் உள்ளது. மலாயாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது அங்கேதான். ஆண்டு 1917. அதனைச் செய்தவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் தோட்டக்காரர் மட்டுமல்லர், எழுத்தாளருமாவார். மலாயாத் தோட்ட வாழ்வைப் பற்றி அவர் எழுதிய புதினத்திற்கு 1930இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் 1973இல் மறைந்தார். நம் நாட்டுக் கணக்குப்படி 50 ஆண்டுகளைக் கூட்டினால், 2023ஆம் ஆண்டின் இறுதியோடு அவருடைய நூலின் உரிமைக் காலம் இங்கே முடிந்தது. பிரான்சு நாட்டில் 70 ஆண்டுக் கணக்கு. ஆகவே அங்கே 2043ஆம் ஆண்டின் இறுதிவரை உரிமை உண்டு. இந்தியாவிலோ 60 ஆண்டுக் கணக்கு. ஒரே படைப்பு ஒரு நாட்டில் பொதுவுடைமையாகவும் மற்றொரு நாட்டில் தனியுடைமையாகவும் இருக்கலாம் என்பதை இதனால் அறிகின்றோம்.

வகுப்பறையில் பாடத்தை விளக்கும் பொருட்டு ஒரு படத்தை அளவோடு காட்டுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. அங்கும் எடுத்தவர் பெயரையும் கிடைத்த இடத்தையும் குறிப்பிடவேண்டும். ஆனால் வகுப்பறையில் காட்டுவது வேறு, ஆயிரம் படிகள் அச்சிட்டு ஊருக்கு வழங்குவது வேறு. பின்னதற்கு முறையான அனுமதி இருத்தல் நலம்.

முன்கூட்டியே தரப்பட்ட அனுமதி

எடுத்தவர் உயிரோடிருக்கும்போதே, 'என் படத்தை எல்லாரும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்று முன்வந்து அனுமதி தருவதும் உண்டு. அதற்குப் பொதுவான ஒரு முறையை வகுத்தது கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு. அது 2001இல் தொடங்கப் பெற்று, 2002இல் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. அவ்வுரிமங்களில் நான்கு நிபந்தனைகள் வரும்.

முதலாவது, பெயர் குறித்தல். எடுத்தவரின் பெயரைக் கட்டாயம் குறிப்பிடவேண்டும்.

இரண்டாவது, அவ்வண்ணமே பகிர்தல். அப்படத்தை மாற்றிப் புதிய படமாக்கினால், அப்புதிய படத்தையும் அதே உரிமத்தில் பிறருக்கு வழங்கவேண்டும்.

மூன்றாவது, வணிகமின்மை. பொருளீட்டும் நோக்கில் பயன்படுத்தலாகாது.

நான்காவது, மாற்றமின்மை. படத்தைத் திருத்தியோ வேறொன்றாக மாற்றியோ வெளியிடலாகாது.

இந்நான்கும் வெவ்வேறு வகையில் இணைந்து வரும். எந்த நிபந்தனையும் வேண்டாம் என முழுவதும் விட்டுக்கொடுப்பதற்கும் ஓர் உரிமம் உண்டு. அதனைச் சுழியம் என்னும் குறியால் வழங்குவர்.

இலவசம் என்ற ஒரு சொல்லைக் கண்டதும் நின்றுவிடலாகாது என்பதை இங்கு வற்புறுத்துகின்றோம். விலையில்லை என்பது வேறு, நிபந்தனையில்லை என்பது வேறு. அடுத்த வீட்டார் ஏணியை விலையின்றித் தருவார்கள். ஆனால் மாலைக்குள் திருப்பித் தரவேண்டும் என்பார்கள். அந்நிபந்தனையை மதிப்பதே அடுத்த முறையும் ஏணி கிடைப்பதற்கு வழி.

படக் களஞ்சியங்கள்

இனி, நேரிய படங்கள் கிடைக்கும் இடங்களைக் காண்போம்.

விக்கிமீடியா காமன்ஸ் என்பது 2004ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்ட பொதுக் களஞ்சியம். அதில் இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர், நாள், இடம், உரிமம் ஆகியன எழுதப்பட்டிருக்கும். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவின் படங்களிற் பெரும்பாலானவை இங்கிருந்தே வருகின்றன. 2011ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2012ஆம் ஆண்டின் தொடக்கம் வரை, தமிழ் விக்கி அன்பர்கள் ஓர் ஊடகப் போட்டியை நடத்தினர். தமிழர் வாழ்வைக் காட்டும் ஆயிரக்கணக்கான படங்கள் அதன் வழியாகக் களஞ்சியத்தில் சேர்ந்தன. உரல், அம்மி, கோலம், தெருக்கூத்து போன்ற நம் பொருள்களையும் கலைகளையும் தேடுவோர்க்கு அங்கே படம் கிடைக்கிறது. எவரோ ஒருவர் எடுத்துக் கொடுத்ததனால் கிடைக்கிறது.

பிக்சபே 2010இலும், அன்ஸ்பிளாஷ் 2013இலும், பெக்செல்ஸ் 2014இலும் தொடங்கப்பட்டன. இம்மூன்றும் நிழற்படக் கலைஞர்கள் விலையின்றி வழங்கும் படங்களைத் தொகுத்துத் தருகின்றன. பெயர் குறிப்பது அங்கே கட்டாயமில்லை, ஆனாலும் குறிப்பது பண்பாடு. படத்தை எவ்வித மாற்றமுமின்றி அப்படியே விற்பதற்கு அவை அனுமதிப்பதில்லை. இத்தகைய நிலையங்களின் விதிகள் காலத்திற்குக் காலம் மாறுவதுண்டு. அன்ஸ்பிளாஷ் 2017இல் தன் உரிமத்தை மாற்றிக்கொண்டது. ஆகவே படத்தை எடுக்கும் நாளிலேயே உரிமத்தைப் படித்துக் குறித்து வைத்துக்கொள்க.

அரும்பொருளகங்களும் நூலகங்களும் இத்துறையில் பெருந்தொண்டு புரிகின்றன. பிரித்தானிய நூலகம் 2013ஆம் ஆண்டு டிசம்பரில், பழைய நூல்களிலிருந்து எடுத்த பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம் 2017இலும், வாஷிங்டன் சிமித்சோனியன் நிறுவனம் 2020இலும் இலட்சக்கணக்கான படங்களை நிபந்தனையின்றி வழங்கின. விண்வெளி, கோள்கள் பற்றிய படங்களுக்கு அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் தொகுப்பு உள்ளது. அதன் படங்கள் பொதுவாகப் பதிப்புரிமைக்கு உட்பட்டவையல்ல.

தமிழர் ஆவணங்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், ஈழத்தவர் 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ம நூலகமும் குறிப்பிடத்தக்கவை. நம் நாட்டு வரலாற்றுப் படங்களுக்கு 1957இல் அமைக்கப்பட்ட மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. இவ்விடங்களில் ஒவ்வொரு படத்திற்கும் உரிய விதியைத் தனித்தனியே கேட்டறிதல் வேண்டும்.

கூகுள் படத் தேடல் ஒரு களஞ்சியமன்று. அது கைகாட்டி மரம் மட்டுமே. படம் எந்த ஊரில் இருக்கிறது என்று அது காட்டும். அவ்வூருக்குச் சென்று உரியவரைக் கேட்பது நம் கடமை. அத்தேடலிலேயே பயன்பாட்டு உரிமை என்றொரு வடிகட்டி உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பெற்றவற்றை மட்டும் அதன்வழிப் பிரித்தெடுக்கலாம். எனினும் மூலப் பக்கத்தைத் திறந்து உறுதிசெய்தல் இன்றியமையாதது.

ஒரு பயிற்சி: மின்மினிச் சுவரொட்டி

நம் மாணவி ஒருத்தி, கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பற்றி ஒரு சுவரொட்டி செய்ய விரும்புகிறாள் எனக் கொள்வோம். மின்மினி என்று மட்டும் தேடினால் என்ன வரும்? ஏதோ ஒரு குளிர்நாட்டுக் காட்டில், புல்வெளியின் மேல் பறந்து திரியும் ஒளிப் புள்ளிகள் வரும். படம் அழகானதுதான். ஆனால் அது நம் சிலாங்கூர் ஆறு அன்று. நம் ஆற்றங்கரை மின்மினிகள் பெரெம்பாங் மரங்களில் கூட்டமாக அமர்ந்து, ஒருசேர மின்னி ஒருசேர அணைபவை. அவற்றின் அறிவியற் பெயர் டெரோப்டிக்ஸ் டெனர். அப்பெயரை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடுவதே முறை. மலாய்மொழியில் கெலிப்-கெலிப் என்றும், இடப்பெயரையும் சேர்த்துத் தேடுவது மற்றொரு வழி.

புக்கிட் மெலாவாத்திக் குரங்குகளும் அவ்வாறே. வெள்ளி நிற இலைக்குரங்கு என்று தேடினால் போர்னியோத் தீவின் குரங்கும் வந்து நிற்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆயினும் நம் மலைக்குன்றில் வாழ்வது டிராக்கிபித்தேக்கஸ் செலாங்கோரென்சிஸ் எனச் சிலாங்கூரின் பெயரையே தாங்கிய தனியினம் என்பது இன்றைய அறிவியலார் கொள்கை. எனவே படத்தின் கீழுள்ள இடக்குறிப்பைப் படியாமல் எடுத்தால் பிழையான பாடத்தைப் பரப்பியவர்கள் ஆவோம்.

பால் மரம் சீவும் காட்சியைத் தேடினாலும் கேரளத்துத் தோட்டமோ தாய்லாந்துத் தோட்டமோ வரலாம். உளியின் வடிவம், மங்கு கட்டிய முறை, சீவுபவரின் உடை ஆகியவற்றைத் தாத்தா பாட்டியிடம் காட்டிக் கேளுங்கள். எந்த நூலும் சொல்லாத செய்திகளை அவர்கள் சொல்வார்கள். இக்காலத்தில் கணினியே கற்பனையாக வரைந்து தரும் படங்களும் களஞ்சியங்களில் கலந்து வருகின்றன. பார்வைக்கு உண்மை போலிருக்கும் அவற்றைப் பாட விளக்கத்திற்குப் பயன்படுத்தலாகாது.

அளவும் தெளிவும்

கணினித் திரையில் பளிச்சென்று தெரிந்த படம், அச்சில் மங்கிக் கலங்கிப் போவதேன்? படம் சிறுசிறு புள்ளிகளால் ஆனது. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் வேண்டும். ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஆண்டு மலரின் பக்க அகலம் 21 சென்டிமீட்டர். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். ஆகவே பக்க அகலம் சற்றேறக்குறைய 8.27 அங்குலம். அதனை 300ஆல் பெருக்கினால் 2480 புள்ளிகள். 640 புள்ளி அகலமுள்ள படம் ஒன்றை அதில் இட்டால், அது 5.4 சென்டிமீட்டர் அகலத்திற்கே தெளிவாக இருக்கும். அதனைப் பக்கம் முழுதும் இழுத்தால் கலங்கும். தொலைவில் நின்று பார்க்கும் சுவரொட்டிக்கு அங்குலத்திற்கு 150 புள்ளிகள் போதும். ஆதலின் களஞ்சியத்தில் சிறு மாதிரிப் படத்தை எடுக்காமல், மூல அளவிலான கோப்பையே இறக்கிக்கொள்க.

படத்தை எடுத்தவுடன் நான்கு செய்திகளை ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அவையாவன: படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர், கிடைத்த இடம், உரிமத்தின் பெயர். இந்நான்கையும் படத்தின் கீழோ மலரின் இறுதிப் பக்கத்திலோ சிற்றெழுத்தில் அச்சிட்டால் கடமை முடிந்தது. ஒரு வரி மையே செலவு.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். படத்தில் ஒருவரின் முகம் தெளிவாகத் தெரிந்தால், எடுத்தவரின் அனுமதி மட்டும் போதாது. குடிப்பழக்கம், நோய், வறுமை போன்ற பொருள்களைப் பற்றிய சுவரொட்டியில் அறிமுகமில்லாத ஒருவரின் முகத்தை இடுவது அவருக்குப் பெரும் இழுக்கு. நம் தந்தையின் முகத்தை எவரோ அவ்வாறு இட்டால் நமக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் படம் எங்கே?

இதுகாறும் எடுத்துக்கொள்ளும் முறையைப் பேசினோம். இனிப் பெற்றோர்களிடமும் தோட்டத்து அன்பர்களிடமும் ஒரு செய்தி.

1908இல் இலண்டனில் ஆர்னால்டு ரைட், கார்ட்ரைட் என்போர் பிரித்தானிய மலாயாவைப் பற்றித் தொகுத்து வெளியிட்ட பெருநூல் ஒன்று உண்டு. இன்று அதனை இணையத்தில் விலையின்றிக் காணலாம். தோட்டங்கள், பங்களாக்கள், இரப்பர் மரங்கள் ஆகியவற்றின் நிழற்படங்கள் அதில் நிறைய உள்ளன. அக்கால நூல்களிலும் தொகுப்புகளிலும் பெரும்பாலும் துரைமார்களின் பெயர் அச்சாகியிருக்கும். மரத்தின் அருகில் உளியோடு நிற்பவருக்குப் பெயர் இராது. தமிழ்க் கூலிகள் என்ற இரண்டு சொற்களே இருக்கும். அவர் யாருடைய பாட்டனார்? எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்? கேட்க வழியில்லை.

சுங்கை செம்பிலாங்கிலும் ஜெராமிலும் ஈஜோக்கிலும் தஞ்சோங் காராங்கிலும் நம் முன்னோர் காட்டைத் திருத்தினர், வாய்க்கால் வெட்டினர், கோயில் எழுப்பினர், பள்ளி கட்டினர். விடியற்காலைப் பெரட்டுக் களம், காண்டாக் கம்பில் தொங்கிய பால்வாளிகள், லயத்து வாசலில் சாணம் தெளித்து இட்ட கோலம், தீமிதிக்குக் கூடிய கூட்டம் ஆகிய இவற்றையெல்லாம் ஒரு மாணவன் இன்று பொதுக் களஞ்சியங்களில் தேடினால் மிகச் சிலவே அகப்படும். பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல லயங்கள் இடிக்கப்பட்டன. நம் வாழ்வின் படங்கள் தகரப் பெட்டிகளிலும் அலமாரி மூலைகளிலும் கறையான் வாய்க்குக் காத்திருக்கின்றன.

தமிழகத்தில் இந்நிலையை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய நிழற்படக் கூடங்களையும் குடும்பங்களையும் நாடிச் சென்று பழம்படங்களை எண்ம வடிவில் காத்தனர். அதனை ஆய்வாளர்கள்தாம் செய்யவேண்டும் என்பதில்லை. ஒரு கைப்பேசியும் நல்ல பகல் வெளிச்சமும் இருந்தால் ஒரு குடும்பமே செய்யலாம்.

பழைய படத்தைச் சட்டத்திலிருந்து கவனமாக எடுத்து, நிழல் விழாத இடத்தில் வைத்து, நேர் மேலிருந்து படமெடுங்கள். படத்தில் இருப்போர் பெயர், இடம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பவற்றைப் பெரியவர்களைக் கேட்டு உடனே எழுதி வையுங்கள். படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதாதீர்கள், மை ஊறும். மெல்லிய பென்சிலால் எழுதலாம். பெயர் சொல்லத் தெரிந்தவர் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்யவேண்டும். படம் இருந்து பெயர் போய்விட்டால், நாமே நம் பாட்டனாரை மறுபடியும் பெயரற்றவராக்கியவர்கள் ஆவோம்.

அவற்றைப் பொதுக் களஞ்சியத்திற்கு வழங்க விரும்பினால் உரிமையைப் பாருங்கள். நீங்களே எடுத்த படமாயின் தடையில்லை. கூலி கொடுத்து ஒருவரை எடுக்கச் செய்த படமாயின், வேறு உடன்பாடு இல்லாதபோது உரிமை எடுக்கச் செய்தவரைச் சேரும் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். எடுத்தவர் யாரென்று தெரியாத மிகப் பழைய படமாயின் கேட்டறிந்து செய்க. சிறுவர் சிறுமியர் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் இசைவின்றி வெளியிடலாகாது. விக்கிமீடியா காமன்சு வணிகமின்மை என்னும் நிபந்தனையுள்ள படங்களை ஏற்பதில்லை. ஒருமுறை வழங்கிய உரிமத்தைத் திரும்பப் பெறவும் இயலாது. ஆகவே குடும்பத்தார் கூடிப் பேசி முடிவு செய்தல் நலம். வெளியிட மனமில்லையேல் வீட்டளவில் காத்து வைத்தாலும் அது பெருங்காரியமே.

மாணவர்க்குச் செயற்பாடு

ஒன்று: உங்கள் அடுத்த செயல்திட்டத்தில் இடும் ஒவ்வொரு படத்திற்கும் மேற்கூறிய நான்கு குறிப்புகளை எழுதுக.

இரண்டு: நாட்குறிப்பேட்டின் அட்டை அகலத்தை அளந்து, அதற்கு எத்தனை புள்ளி அகலமுள்ள படம் வேண்டும் எனக் கணக்கிடுக.

மூன்று: வீட்டிலுள்ள மிகப் பழைய படத்தைத் தேடி எடுத்து, அதில் இருப்போர் அனைவரின் பெயரையும் வீட்டுப் பெரியவரைக் கேட்டு எழுதி வருக.

இவற்றுள் மூன்றாவதை முதலில் செய்யுங்கள். முதலிரண்டையும் அடுத்த ஆண்டும் செய்யலாம். மூன்றாவதைச் சொல்லித் தரவல்லார் அடுத்த ஆண்டும் நம்மோடு இருக்கவேண்டும் என்று வேண்டுவோம். ஆனால் அதனை நம்பிக் காத்திருத்தல் ஆகாது.